அத்தியாயம் 6: விலை ஏறும் கிட்டாரை விவரம் அறிந்து வாங்குதல்

நல்லதொரு அக்கூஸ்டிக் கிட்டார் வாங்குவதற்காகச் சில ஆண்டுகளாகப் பணம் சேர்த்து வருபவர்களுக்கு எழுதப்பட்டது இந்த அத்தியாயம். நாம் சேர்க்கச் சேர்க்க விலையும் கூடவே நகர்கிறது என்பதுதான் அவர்கள் எல்லோரும் சொல்வது. அது உண்மை. மார்ட்டின் நிறுவனத்தின் டி-28 மாடல் 2010களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடைகளில் 3,000 டாலருக்குள் கிடைத்தது. இன்று அந்தக் கோட்டை நன்றாகவே தாண்டிவிட்டது. கிப்சன் ஜே-45 சுமார் 3,000 டாலரில் நிற்கிறது. டெக்சஸின் ஆஸ்டின் நகரில் தயாராகும் காலிங்ஸ் கிட்டார்களில் ரோஸ்வுட் டிரெட்நாட் வேண்டுமென்றால் 5,000 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும்.

இந்த ஏற்றத்தில் எந்தப் பங்கு மரத்துக்கும் உழைப்புக்கும் போகிறது, எந்தப் பங்கு பெயருக்கும் மினுமினுப்புக்கும் போகிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் கையில் உள்ள பணத்துக்கு நிறைவான கருவியை இன்றும் வாங்கலாம். என் அனுபவத்தில், பிரித்துப் பார்க்காதவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

பழைய விலையும் இன்றைய விலையும்

முதலில் பணவீக்கத்தைக் கழித்துவிடுவோம். 1930களின் நடுவில் டி-28 கிட்டாரின் பட்டியல் விலை 100 டாலர். அந்த 100 டாலர் 2024ஆம் ஆண்டின் பண மதிப்பில் சுமார் 2,300 டாலர். ஆகவே 90 ஆண்டுகளில் இந்த மாடலின் உண்மையான விலை ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான் ஆகியிருக்கிறது. பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே ஒருவர் 100 டாலர் கொடுத்து கிட்டார் வாங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை யோசித்தால், டி-28 என்றுமே எளியவர்களின் கருவியாக இருந்ததில்லை என்பது விளங்கும்.

ஜே-45 கதை வேறு. 1942இல், போர்க்காலத்தில், மிச்சிகன் மாநிலத்தின் கலமஸூ தொழிற்சாலையிலிருந்து 45 டாலர் விலையில் அது வெளிவந்தது. பெயரிலுள்ள எண்ணும் அந்த விலைதான். 2024இன் மதிப்பில் அது 900 டாலருக்கும் குறைவு. அலங்காரம் இல்லாத, உழைப்பாளிகளுக்கான கிட்டார் அது. இன்று அதே பெயர் தாங்கிய கிட்டார் மொன்டானாவின் போஸ்மன் நகரில் செய்யப்பட்டு மூன்று மடங்குக்கும் மேலான உண்மை விலையில் விற்கிறது. இடையில் மரம் விலையேறியது, கூலியும் ஏறியது. ஆனால் அவை இரண்டும் டி-28க்கும் பொருந்துபவைதான். மீதி வித்தியாசம் புகழுக்கான விலை. ஜே-45 மோசமான கிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதன் குரலுக்காகவே அதைத் தேடுபவர்களை நான் மதிக்கிறேன். அந்தக் குரல் வேண்டுமா, அந்தப் பெயர் வேண்டுமா என்பதை மட்டும் கடைக்குள் நுழையும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மரம்

விலையேற்றத்தின் நியாயமான காரணங்களில் முதலாவது மரம். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

கிட்டாரின் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மேற்பலகை. அது பொதுவாக ஸ்ப்ரூஸ் மரம். டிரெட்நாட் வடிவத்தின் அகலமான பகுதி 15⅝ அங்குலம், அதாவது சுமார் 40 சென்டிமீட்டர். ஒரே கட்டையிலிருந்து அறுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரித்தாற்போல் நடுவில் ஒட்டி மேற்பலகை செய்கிறார்கள். ஒவ்வொரு பலகையும் 20 சென்டிமீட்டர் அகலமாவது வேண்டும். ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி, மரத்தின் மையத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி அறுக்க வேண்டும். மையமும் பட்டையை ஒட்டிய பகுதியும் உதவாது. கணுவோ முறுக்கோ இருக்கக் கூடாது. இப்படிக் கழித்துக்கொண்டே போனால் 60 சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள நேரான மரம்தான் தேறும். குளிர்ப் பிரதேசத்தில் நெருக்கமான வளையங்களோடு அந்தப் பருமனை எட்ட மரத்துக்கு நூற்றாண்டுகள் தேவை. போருக்கு முந்தைய மார்ட்டின்களில் இருந்த சிவப்பு ஸ்ப்ரூஸை, அதாவது அடிராண்டாக்கை, அமெரிக்கா அளவுக்கு மீறி வெட்டித் தீர்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மார்ட்டின் சிட்கா ஸ்ப்ரூஸுக்கு மாறியது. அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் உள்ள சிட்கா முதுகாடுகளும் இப்போது சுருங்கிவருகின்றன.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் வருவோம். 1969 வரை டி-28இன் உடல் பிரேசில் ரோஸ்வுட்டால் ஆனது. பிரேசில் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடுத்ததும் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நாம் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லும் மரம்தான் அது. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரி, வயநாடு, குடகுப் பகுதிகளில் வளர்வது. நம் மலையில் வளர்ந்த மரம் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குப் போய், கிட்டாராகி, பல மடங்கு விலையோடு நம்மிடமே திரும்பி வருகிறது. தமிழ்நாட்டில் இம்மரத்தைக் காக்கவே 1994இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அது தேவையான சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. மரம் வெட்டுவது கட்டுப்பட்டால் கிட்டார் விலை ஏறத்தான் செய்யும். அந்த ஏற்றத்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன்.

உலக அளவிலும் கட்டுப்பாடுகள் அடுத்தடுத்து வந்தன. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம் 1992இல் பிரேசில் ரோஸ்வுட் வணிகத்தை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. 2003இல் அமெரிக்க மஹோகனி பட்டியலில் சேர்ந்தது. 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் பேரினம் முழுவதும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது என்றானது. விற்கும் ஒவ்வொரு கிட்டாருக்கும் தாள் வேலை சேர்ந்ததால் பல நிறுவனங்கள் ரோஸ்வுட்டைக் கைவிட்டு வேறு மரம் தேடின. செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு கிடைத்தது. ஆனால் அந்த விலக்கு பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இல்லை. அமெரிக்காவோ, சட்டத்துக்குப் புறம்பாக வெட்டிய மரத்தை வாங்குவதையும் விற்பதையுமே 2008இல் லேசி சட்டத் திருத்தத்தின் மூலம் குற்றமாக்கியது. கிப்சன் ஆலைகளில் 2009இலும் 2011இலும் சோதனை நடந்தது. 2012இல் அந்நிறுவனம் 3 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டது. அதன்பின் மரம் எங்கிருந்து வந்தது என்று சான்று வைத்திருப்பதே தனிச் செலவாகிவிட்டது.

இதிலிருந்து வாங்குபவருக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். ஒன்று, 1969க்கு முந்தைய மார்ட்டினை வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் வந்தால் சுங்கத்தில் பறிமுதலாகும். பழைய கருவிகளில் தந்தத்தாலான நட்டும் ஆமையோட்டுப் பிக்கார்டும் இருந்தாலும் இதே சிக்கல்தான். இரண்டு, கருங்காலி ஃபிங்கர்போர்டில் பழுப்பு வரிகள் தெரிந்தால் அதைக் குறையென்று ஒதுக்காதீர்கள். டெய்லர் நிறுவனம் 2011இல் ஒரு ஸ்பானிய நிறுவனத்தோடு சேர்ந்து கேமரூனில் கருங்காலி ஆலையை வாங்கியது. முழுக்கக் கருப்பாக இருப்பது பத்தில் ஒரு மரம்தான், மற்றவற்றை வெட்டிய இடத்திலேயே போட்டுவிடுகிறார்கள் என்று பாப் டெய்லர் அப்போது வெளிப்படையாகச் சொன்னார். வரியுள்ள மரமும் அதே உறுதி, அதே ஒலி. மூன்று, சப்பேலி போன்ற மாற்று மரங்களைக் கண்டு தயங்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சப்பேலியையும் மஹோகனியையும் பிரித்துச் சொல்வது தேர்ந்த வாசிப்பாளருக்கே கடினம்.

காதுக்கு எட்டாத செலவுகள்

பளபளக்கும் நைட்ரோசெல்லுலோஸ் மெருகுக்குப் பல பூச்சு அடித்து, ஒவ்வொன்றையும் காயவைத்துத் தேய்த்து, கடைசியில் மெருகேற்ற வேண்டும். பல நாள் வேலை. அந்தக் கூலி முழுவதும் உங்கள் ரசீதில் ஏறுகிறது. மங்கல் பூச்சுள்ள சாட்டின் மாடல்களில் அது மிச்சமாகிறது. ஒலியில் இழப்பு இல்லை. மெல்லிய பூச்சு நல்லது என்றே பலர் சொல்வார்கள். மார்ட்டினின் 15 வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓரப்பட்டையோ சிப்பி வேலைப்பாடோ இல்லை. முழுக்க மஹோகனி, முழுக்கத் திடப்பலகை, நாசரேத்திலேயே செய்யப்படுவது. 000-15எம் புதிதாகவே 1,500 முதல் 2,000 டாலருக்குள் கிடைக்கிறது. பாடிக்கொண்டே வாசிப்பவர்களுக்கு அந்த விலையில் அதைவிட நேர்மையான கிட்டார் எனக்குத் தெரியாது.

பிக்கப் பொருத்திய மாடல்களுக்குப் பல நூறு டாலர் கூடுதல். மேடையில் வாசிக்காதவருக்கு அது வீண். பிற்பாடு தேவைப்பட்டால் கே அண்ட் கே ப்யூர் மினி போன்ற ஒன்றை 100 டாலர் அளவில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். சூட்டில் பதப்படுத்திய மேற்பலகை, தோல் பசை, போருக்கு முந்தைய அளவுகளின் நகல் என்று வரும் சிறப்பு வரிசைகள் விலையை இன்னும் ஒரு படி ஏற்றும். அவற்றில் சில உண்மையிலேயே அருமையாக ஒலிக்கும். ஆனால் முதல் உயர்ரக கிட்டார் வாங்குபவர் அங்கே போக வேண்டியதில்லை.

விவரத்தாளைப் படிக்கும்போது சில சொற்களில் நின்று கவனியுங்கள். ‘சாலிட் ரோஸ்வுட்’ என்றிருந்தால் முழுப் பலகை. ‘லேயர்டு ரோஸ்வுட்’ என்றாலோ வெறுமனே ‘ரோஸ்வுட்’ என்று நின்றுவிட்டாலோ ஒட்டுப்பலகையாக இருக்கலாம். கேட்டு உறுதி செய்யுங்கள். ‘செலக்ட் ஹார்டுவுட்’ என்று நெக்குக்கு எழுதியிருந்தால், கிடைக்கும் மரத்தைப் பொறுத்து மாற்றிக்கொள்ளும் உரிமையை நிறுவனம் வைத்திருக்கிறது என்று பொருள். நெக் விஷயத்தில் அது பெரிய பாதகமில்லை. மேற்பலகை மட்டும் திடப்பலகை, மற்றவை ஒட்டுப்பலகை என்றால் உயர்ரக விலை கொடுக்காதீர்கள்.

கடந்த சில ஆண்டுகளின் ஏற்றத்துக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. 2020இல் ஊரடங்கில் இருந்தவர்கள் கிட்டார் பக்கம் திரும்பினார்கள். தேவை பெருகியது, ஆலைகள் மூடிக் கிடந்தன, கப்பல் கட்டணம் ஏறியது. 2025இல் அமெரிக்கா பல நாட்டுப் பொருள்கள் மீது சுங்க வரியைக் கூட்டியது. அமெரிக்காவில் செய்த கிட்டார் என்றாலும் அதன் டியூனர்களும் பெட்டியும் வேறு நாடுகளிலிருந்து வருபவையாக இருக்கலாம்.

இந்தியாவில் வாங்குவோருக்கு

டாலர் விலை ஒரு காசுகூட ஏறாமல் இருந்திருந்தாலும் நமக்கு விலை ஏறியிருக்கும். 2014இல் ஒரு டாலர் சுமார் 60 ரூபாய். 2024 முடியும்போது 85. 2014இல் ஒன்றரை லட்ச ரூபாயாக இருந்த 2,500 டாலர், பத்தாண்டில் இரண்டு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. இதன் மேல் கப்பல் செலவு, சுங்க வரி, ஜிஎஸ்டி, இறக்குமதியாளர் லாபம் எல்லாம் ஏறும். அமெரிக்காவிலுள்ள உறவினர் மூலம் வாங்கி வருவதில் மிச்சம் உண்டு. ஆனால் பயணி கொண்டுவரும் பொருளுக்கு வரம்புக்கு மேல் வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே மிச்சம் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். அமெரிக்க விமான நிறுவனங்கள் 2015 முதல், மேல் அடுக்கில் இடமிருந்தால் கிட்டாரை உள்ளே ஏற்ற வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதனால் முன்னதாகவே விமானத்தில் ஏறிவிடச் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கடைகள் ஒரு குறிப்பிட்ட விலைக்குக் கீழே விளம்பரம் செய்யக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் நிபந்தனை வைத்திருக்கிறார்கள். அதனால்தான் எல்லா இணையதளங்களிலும் ஒரே விலை தெரிகிறது. நிபந்தனை விளம்பரத்துக்குத்தான். போன் செய்து கேட்டால் பல கடைகள் குறைத்துக் கொடுக்கும். உறவினரிடம் இதைச் சொல்லி வையுங்கள். கேட்கத் தயங்குபவர்களே அதிகம்.

ஆசிய, ஐரோப்பிய ஆலைகளை ஒதுக்கவும் கூடாது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ஈஸ்ட்மன், யமஹாவின் எல்எல் வரிசையிலுள்ள மேல்நிலை மாடல்கள், செக் நாட்டின் ஃபுர்ச் ஆகியவை முழுத் திடப்பலகைக் கிட்டார்களை அமெரிக்க விலையைவிட வெகுவாகக் குறைத்துத் தருகின்றன. யமஹா 2019 முதல் சென்னை அருகே ஓர் ஆலையும் நடத்துகிறது; ஆனால் அங்கு வருவது தொடக்கநிலைக் கிட்டார்கள். என் தீர்ப்பு இது: ஒரு லட்சம் ரூபாய்க்குள் வாங்குபவர் அமெரிக்கப் பெயர் பலகையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்தப் பணத்துக்கு அமெரிக்கப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் ஒட்டுப்பலகை உடல். அதே பணத்தில் யமஹாவோ ஈஸ்ட்மனோ முழு மரத்தைத் தரும்.

பழைய கிட்டாரைச் சோதிக்கும் முறை

கைமாறும்போது கிட்டார் விலை புதுவிலையில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவது வழக்கம். விலையேற்றத்தைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி இல்லை. நன்றாகப் பராமரித்திருந்தால் பத்து வருடம் வாசித்த மேற்பலகை புதிதைவிடத் திறந்து ஒலிக்கவும் செய்யும். ஆயுள் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான் என்பதால் சோதனையை நீங்களே செய்ய வேண்டும்.

முதலில் நெக்கின் கோணம். நீண்ட நேரான ஸ்கேலை ஃபிரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நகர்த்துங்கள். நுனி பிரிட்ஜின் மேல் முகத்தை ஒட்டிப் போனால் நல்லது. பிரிட்ஜின் பக்கவாட்டில் முட்டி நின்றால் நெக்கைக் கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டிய நாள் வந்துவிட்டது. அமெரிக்காவில் அந்த வேலைக்குப் பல நூறு டாலர் கேட்பார்கள். நம்மூரில் அதை முறையாகச் செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். டெய்லர் 1999 முதல் கையாளும் முறையில் நெக் போல்ட்டால் மாட்டப்பட்டு, மெல்லிய ஆப்புகளை மாற்றிக் கோணம் திருத்தப்படுகிறது. பழுது பார்ப்பவர் அருகில் இல்லாத ஊர்களில் வாழ்பவர்களுக்கு இது பெரிய வசதி. 1985க்கு முந்தைய மார்ட்டினில் திருகி நேராக்கும் ட்ரஸ் ராட் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து 12ஆவது ஃபிரெட்டில் கம்பியின் உயரம். தடித்த ஈ கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர், மெல்லிய ஈ கம்பிக்கு 1.8 மில்லிமீட்டர் அளவில் இருக்கலாம். உயரம் அதிகமாகவும் சேடில் ஏற்கெனவே தேய்த்துக் குட்டையாகவும் இருந்தால் மறுபடியும் நெக் கோணத்தைச் சந்தேகியுங்கள். பிரிட்ஜுக்கும் மேற்பலகைக்கும் நடுவே காகிதத் துண்டு நுழைகிறதா என்று பாருங்கள். உள்ளே சிறிய விளக்கும் கண்ணாடியும் விட்டு மரச் சட்டங்கள் விட்டுப் போயிருக்கின்றனவா என்று பாருங்கள். மேற்பலகையில் சரிசெய்யப்பட்ட விரிசல் இருந்தால் பயப்பட வேண்டாம். அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.

வாசித்துப் பார்க்கும்போது நண்பர் ஒருவரை அழைத்துப் போங்கள். நீங்கள் திரும்பி நின்றுகொள்ளுங்கள். மூன்று விலைகளில் மூன்று கிட்டார்களை அவர் வாசிக்கட்டும், ஒரே பாட்டு, ஒரே பிக். கடையில் தொங்கும் கருவிகளில் கம்பி பழசாக இருக்கும் என்பதால் முடிந்தால் புதுக்கம்பி போட்டுத் தரச் சொல்லுங்கள். இந்தச் சோதனையில் நடு விலைக் கிட்டார் ஜெயிப்பது அடிக்கடி நடக்கும்.

முதலீடாக நினைத்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ராக் பாடகர் கர்ட் கோபேன் வாசித்த 1959ஆம் ஆண்டு மார்ட்டின் டி-18இ 2020இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தப் பணம் வாசித்த மனிதருக்கானது. வழக்கமான மாடல்கள் கடையை விட்டு வெளியே வந்ததும் விலை இறங்குகின்றன.

வாங்கிய பின்

திடப்பலகைக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் 70 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மேற்பலகை உப்பும், கம்பி உயரும், ஒலி மந்தமாகும். அதனால் சுவரில் மாட்டாமல் பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் சிறிய ஈரமானி ஒன்றும், ஈரத்தை இழுக்கவும் விடவும் வல்ல பொட்டலங்களும் இருக்கட்டும். இவற்றுக்கான செலவையும், வாங்கியவுடன் செய்ய வேண்டிய செட்டப் கூலியையும் பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிடுங்கள். நட்டும் சேடிலும் சரியாகத் திருத்தப்படாத மூன்று லட்ச ரூபாய் கிட்டார், திருத்தப்பட்ட ஒரு லட்ச ரூபாய் கிட்டாருக்கு ஈடாகாது.

அடுத்த ஜனவரியில் விலை ஏறும், இப்போதே வாங்குங்கள் என்று விற்பனையாளர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். புது விலைப்பட்டியல் ஆண்டுத் தொடக்கத்தில் வருவது வழக்கம். ஆனாலும் அந்த அவசரத்துக்காக மட்டும் வாங்காதீர்கள். ஆண்டுக்கு ஐந்து சதவீத விலையேற்றம் தரும் நஷ்டத்தைவிட, கைக்கும் காதுக்கும் ஒத்துவராத கிட்டாரை வாங்கி அடுத்த ஆண்டு விற்கும்போது வரும் நஷ்டம் பல மடங்கு பெரியது.